செகண்ட் கியர் என்று சொன்னேன்

எல்லோரும் வேகத்தைத்தான் கேட்டார்கள். ஆம்புலன்ஸில் என் கழுத்துக்குப் பட்டை மாட்டியவர் கேட்டார், "எவ்வளவு ஸ்பீடு சார்?" அவசரப் பிரிவில் என் சட்டையைக் கத்தரித்த டாக்டர் கேட்டார். ஸ்கேன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரோடு காத்து நின்ற ஊழியர், வேறு பேச்சு கிடைக்காமல், குனிந்து கேட்டார். பிறகு ஆரஞ்சும் ரொட்டியுமாகப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: முப்பது. முப்பதைத் தாண்டல. அது பொய்யில்லை என்றுதான் அப்போது நம்பினேன்.

நான் சொன்ன பொய் வேறு. ஒரே ஒரு சொல். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் அது கோர்ட்டுக் காகிதம் மாதிரி ஆகிவிடும். அதற்கு ஒரு படுக்கை இருந்தது, விலாவிலிருந்து இறங்கிய ஒரு குழாய் இருந்தது, பக்கத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு நின்ற ஒரு மனைவி இருந்தாள்.

நடந்தது இதுதான். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். என் மனைவி லூர்து அதே பள்ளியின் விடுதியில் சமையலைக் கவனிப்பவள். அவளுடைய தம்பி ஆரோக்கியம், பூண்டியில் கேரட்டும் பூண்டும் போடுகிறவன், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவன். அன்று அவன் வழக்கமாக ஏற்றிவிடும் லாரி வரவில்லை. எனக்கு விடுமுறை. என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. பதினோரு மூட்டை கேரட்டை அதில் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெள்ளனே கிளம்பினோம். பெருமாள்மலையில் டீ குடித்தோம். வடகவுஞ்சி தாண்டி இறங்கும்போது, இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில், எங்கள் வண்டி வலப்பக்கம் தள்ளிப் போய், கீழிருந்து ஏறி வந்த ஒரு காரோடு மோதியது. ஓட்டியது நான்.

எனக்கு வலது தொடை எலும்பு இரண்டாக ஒடிந்தது. ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கியதில் மூன்று விலா எலும்புகள் முறிந்தன. ஆரோக்கியம் வெளியே தூக்கி வீசப்பட்டான். சாலையோரத்துக் கைப்பிடிச் சுவரில் அவன் தலை பட்டது.

அடிவாரத்தில், பழனிக்குப் போகும் சாலையோரம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. இருவரையும் அங்கேதான் கொண்டுவந்தார்கள். என் வார்டின் ஜன்னல் மலையைப் பார்த்திருந்தது. சாலை தெரியாது, மத்தியான வெயிலில் வளைவு திரும்பும் வண்டிகளின் கண்ணாடி மட்டும் ஒரு கணம் மின்னி அணையும். ஒன்று, அப்புறம் மேலே ஒன்று, அப்புறம் இன்னும் மேலே ஒன்று. யாரோ மலைக்குத் தையல் போடுவது போல. பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்புவேன். பிறகு பார்ப்பேன்.

முறிந்த விலா எலும்பு நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் ரத்தத்தைக் கட்டவிட்டிருந்தது. ரத்தம் இடத்தை அடைத்துக்கொண்டால் நுரையீரலுக்கு விரிய இடமில்லை. அதனால் விலாவின் பக்கவாட்டில் சிறு துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தரையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தார்கள். நான் மூச்சு விட்டால் பாட்டிலில் தண்ணீர் ஏறி இறங்கும். இருமினால் குமிழி வரும். என் மூச்சை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். ஐம்பது வருஷம் என்னோடேயே இருந்து, ஒரு நாளும் முகம் காட்டாத ஒன்று, ஒரு பாட்டிலில் சிவந்து ஆடிக்கொண்டிருந்தது.

பகலில் புஷ்பம் சிஸ்டர் வருவார். அவர் கையில் மூன்று பந்துகள் அடைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலேறும்.

"ஊதாதீங்க சார், உறிஞ்சணும். சர்பத் குடிச்சதே இல்லையா நீங்க?"

"வலிக்குது சிஸ்டர்."

"வலிக்கத்தான் செய்யும். வலிக்குதுன்னு மூச்ச சின்னதா விட்டா நிமோனியா வந்து உக்காந்துக்கும். அப்புறம் நானும் நீங்களும் இங்கயேதான் கிறிஸ்துமஸ் கொண்டாடணும். ம், இழுங்க."

ஒரு பந்து ஏறும். இரண்டாவது கொஞ்சம் நடுங்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த கருப்பையா கை தட்டுவார். அவர் கொடைக்கானல் பழனி தடத்தில் பத்தொன்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். குடல்வால் ஆபரேஷன். சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றை ஒரு தலையணையால் அமுக்கிக்கொண்டே சிரிப்பார்.

தொடைக்கு நான்காம் நாள் ஆபரேஷன். எலும்பின் உள்ளே ஒரு நீளமான கம்பியை இறக்கி, மேலும் கீழும் திருகு வைத்துப் பூட்டிவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ததால் வலியில்லை. ஆனால் சுத்தியல் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிப்பது போல. அந்தப் பக்கத்து வீடு நான்.

ஆரோக்கியம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அவனை நான் பார்க்கவே இல்லை. எனக்கு அவன் ஓர் எண்ணாகத்தான் இறங்கி வந்தான்.

முதல் நாள் மாலை அந்தப் பிரிவின் டாக்டரம்மா என் கட்டிலருகே வந்து லூர்துவிடம் சொன்னார். "மூளையில அடிபட்டா வீங்கும்மா. கை வீங்குனா வெளிய பெருக்கும். மூளையச் சுத்தி எலும்பு, பெருக்க இடமில்ல. அதான் பயம். மயக்கம் எவ்வளவு ஆழம்னு பாக்க எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. கண்ணு தெறக்கிறதுக்கு நாலு மார்க். பேசுறதுக்கு அஞ்சு. கை கால் அசைக்கிறதுக்கு ஆறு. மொத்தம் பதினஞ்சு."

"என் தம்பிக்கு எத்தனை மார்க், டாக்டர்?"

"ஆறு."

லூர்து விரல்களை மடக்கிப் பார்த்தாள். பள்ளி விடுதியில் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் பார்த்துப் பழகியவள். "கொஞ்சம் கூட வருமா?"

"பாப்போம்மா. ஒண்ணுமே பண்ணாமக் கெடந்தாலும் மூணு குடுப்போம். மூணுக்குக் கீழ இல்ல."

நான் வாழ்நாள் முழுக்க மார்க் போட்டவன். சும்மா கிடப்பதற்கு மூன்று மார்க் என்ற அந்தக் கருணை என்னைக் கிழித்தது.

லூர்து தினமும் மாடிக்கும் கீழேயுமாக ஏறி இறங்கினாள். தாய் இல்லாத தம்பி. தன் பன்னிரண்டு வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேரட் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவள் அவள். மாடியில் பத்து நிமிஷம்தான் விடுவார்கள். போய் அவன் பாதத்தைத் தேய்த்துவிட்டு வருவாள். கீழே வந்ததும் கையைக் கழுவிவிட்டு எனக்குக் கஞ்சி ஊட்டுவாள்.

"கால் ஜில்லுன்னு கெடக்குங்க. மலையில இருக்கிற மாதிரியே இருக்கு."

"இன்னிக்கு எத்தனை?"

"அஞ்சுன்னாங்க. வாயத் தெறங்க, ஆறிப்போகுது."

மூன்றாம் நாளே, என் ஆபரேஷனுக்கு முந்தைய நாள், போலீஸ் ஏட்டு வந்திருந்தார். நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டார். சிஸ்டர் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்ததால், லூர்து என் குழாய் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் தாழ்வாக வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். பாட்டில் நெஞ்சுக்கு மேலே போகக் கூடாது. போனால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். அதை ஒரு கைக்குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள்.

"எவ்வளவு ஸ்பீடுல சார் இறங்குனீங்க?"

"முப்பது."

"எந்த கியர்ல இருந்தீங்க?"

அதை அதுவரை யாரும் கேட்கவில்லை. நான் பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் ஆடாமல் நின்றது. மூச்சை அடக்கியிருந்தேன்.

"செகண்ட்."

"எதுத்தாப்ல வந்த கார்?"

"வேகமா வந்துச்சு."

அவர் எழுதிவிட்டு வாசித்துக் காட்டினார். எதிரே வந்த காரை ஓட்டியவர் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்றிருந்தது. போலீஸ் எழுத்தில் அந்த இரண்டு சொல்லும் ஒட்டிப் பிறந்தவை. எது எதைப் பெற்றது என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. வலது கையில் டிரிப் ஊசி இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து போலவே இல்லை.

ஏட்டு போனதும், லூர்து தண்ணீர் பிடிக்கப் போனதும், கருப்பையா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மெல்லத் திரும்பினார்.

"செகண்ட்லயா சார் இறங்குனீங்க?"

"ம்."

"செகண்ட்ல இறங்குற வண்டியப் பிரேக் புடிக்கவே வேணாமே. எஞ்சினே புடிச்சு நிறுத்துமே."

நான் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினேன்.

"சரி, விடுங்க. எனக்கெதுக்கு அந்தச் சோலி." திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பந்து ஏறும்போது அவர் கை தட்டவில்லை.

மலைப்பாதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இறக்கத்தில் வண்டியைச் சின்ன கியரில் போட்டு இறங்கினால், எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறைவு. எங்கள் மலையில் பாதிப் பேர் அப்படி இறங்குவதில்லை. நியூட்ரலில் தட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிடுவோம். வண்டி தன் கனத்தில் தானே உருளும். டீசல் மிச்சம் என்போம். எஞ்சினுக்கு ரெஸ்ட் என்போம். கீழே போனதும், இத்தனை வளைவு சும்மாவே வந்தேன் என்று டீக்கடையில் பெருமை பேசுவோம்.

நானும் டீசல் என்றுதான் சொல்வேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த மௌனம் வேண்டும். எஞ்சின் அணைந்த மறுகணம் மலை பேச ஆரம்பிக்கும். சோலைக்குள் நீர் விழுகிற சத்தம், ஏதோ ஒரு பறவை இரண்டே சுரத்தில் கூப்பிடுவது, டயருக்கடியில் சருகு. இரும்பின் இரைச்சலை நிறுத்திவிட்டு மேகம் இறங்குவது போல இறங்குவேன். இருபத்திரண்டு வருஷம் அப்படி இறங்கியிருக்கிறேன். நான் மெதுவாகப் போகிறவன் என்று ஊருக்கே பெயர். சைக்கிள்காரன் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அந்தப் பெயர்தான் என் சான்றிதழ்.

என் ஜீப்பில் வேகம் காட்டும் முள் எப்போதோ செத்துப்போனது. முப்பது என்பது என் காது சொன்ன கணக்கு. எஞ்சின் ஓடினால் அதன் சத்தத்தில் வேகம் கேட்கும். அதை அணைத்துவிட்டால் என்ன கேட்கும்? பறவை கேட்கும்.

பதினோரு மூட்டை கனம் அன்று பின்னால் இருந்தது. வடகவுஞ்சியிலிருந்து நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. விடாமல் உரசினால் பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. அதோடு, எஞ்சின் ஓடினால்தான் பிரேக்கை அமுக்க நம் காலுக்குத் துணை பலம் கிடைக்கும். அணைத்த வண்டியில் இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். எனக்கு ஆனது. மிதித்தேன், கல். கியரைத் தள்ளினேன், கறகறவென்று அரைத்து வெளியே துப்பியது. சாவியைத் தேடினேன். கைப்பிரேக்கைத் தேடினேன். எதை முதலில் பிடிப்பது என்று கை யோசித்த நேரத்தில் வளைவு வந்துவிட்டது.

விபத்துக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்புக்காகப் பட்டிமன்றம் வைத்தோம். விபத்துக்குக் காரணம் வேகமா, மோசமான ஓட்டுதலா? நடுவர் நான். வேகமே என்று தீர்ப்பு சொன்னேன். கைதட்டல் வாங்கினேன். பார்க்க வந்த தலைமை ஆசிரியர் கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார், "நீங்க சொன்ன தீர்ப்பு உங்களுக்கே வந்து நடந்துருச்சு பாருங்க. கீழேருந்து வர்றவங்களுக்கு மலைன்னா ஹைவேன்னு நெனப்பு. அதுலயும் பொம்பள ஓட்டுன வண்டியாம்ல?"

என் காலைப் பார்த்துக்கொண்டிருந்த எலும்பு டாக்டர் தலையைத் தூக்காமலே சொன்னார். "எவ்வளவு உடையுதுங்கிறதத்தான் சார் வேகம் முடிவு பண்ணும். மோத வைக்கிறது வேற ஏதாவது இருக்கும்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா சொன்னார். நான் அன்று முழுக்கக் கஞ்சி குடிக்கவில்லை.

ஆரோக்கியத்தின் எண் ஐந்து, நான்கு என்று இறங்கியது. எட்டாம் நாள் லூர்து மாடியிலிருந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே மூன்று விரலைக் காட்டினாள். ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு அதுவும் முடிந்தது.

என்னைக் கூட்டிப் போக முடியாது. ஸ்ட்ரெச்சரை வார்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவு மூடுவதை மட்டும் பார்த்தேன். அது மலை ஏறுகிற திசையில் திரும்பியது. ஜன்னலில் அன்று மத்தியானம் மின்னிய கண்ணாடிகளில் எது அவன் என்று தேடினேன். பூண்டியில் அவனைப் புதைத்தார்கள். ஊரே வந்ததாம். பங்குச்சாமி அழுதாராம்.

லூர்து மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். செருப்பில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. பையிலிருந்து எனக்குத் துவைத்த வேட்டி, ஒரு டப்பாவில் ரசம் சோறு.

"நீ வீட்டுல இரு. நான் சமாளிச்சுக்கிறேன்" என்றேன்.

"வீட்டுல யாரு இருக்கா? எனக்கு மிச்சம் நீங்கதான." சோற்றைப் பிசைந்தாள். "மெதுவா ஓட்டுற மனுசன் கூடதான போறான்னு நிம்மதியா இருந்தேன். எவளோ ஒருத்தி கீழேருந்து பறந்து வந்து..." வாயருகே உருண்டையைக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். விழுங்கினேன். அந்த நாட்களில் எனக்குக் கொடுத்த மருந்துகளில் எதுவும் அவ்வளவு கசக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பெண் வார்டு வாசலில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கை மாவுக்கட்டில், கழுத்தோரம் சீட் பெல்ட் அறுத்த நீலத் தடம். பின்னால் அவளுடைய அப்பா. திருப்பூரிலிருந்து வந்தவர்கள். காரை ஓட்டியது அவள்தான், பெயர் மாலதி. பெண்கள் வார்டில் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள், அன்று டிஸ்சார்ஜ். எங்களுக்கு நடுவே ஒரு மருந்தகமும் ஒரு வேப்பமரமும் மட்டும்தான் இருந்திருக்கின்றன.

லூர்து எழுந்து நின்றாள். "எதுக்கு வந்த?"

"அக்கா..."

"யாருக்கு யாருடி அக்கா? என் தம்பிய மண்ணுல வச்சுட்டு வந்து நிக்கிறேன். பாக்க வந்தியா?"

அப்பா மகளின் தோளைத் தொட்டார். அவள் நகரவில்லை. அழுகைகூட இல்லை, பல நாள் தூங்காத முகம்.

"நான் அம்பதுலதான் வந்தேன் சார்," என்றாள் என்னைப் பார்த்து. "அந்த ரோட்டுக்கு அது ஜாஸ்தி. வளைவுல ஹாரனும் அடிக்கல. அவங்க அங்க கெடந்தது கண்ணுலயே நிக்குது. கேஸ்ல ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். எங்கப்பா வக்கீல் வைக்கலாங்கிறாரு, வேணாம்னுட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"பாப்பா, போதும்மா, வா," என்றார் அப்பா.

அவள் போயிருப்பாள். இன்னும் ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், போயிருப்பாள். அந்த நிமிஷத்தை நான் நன்றாகப் பார்த்தேன். லூர்து என் பக்கம் நின்றாள். ஊர் என் பக்கம் நின்றது. செத்தவன் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பக்கத்துக் கட்டில் காலி. கருப்பையா வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகிவிட்டது.

"வண்டி கியர்ல இல்ல," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"நியூட்ரல்ல இருந்துச்சு. எஞ்சின அணைச்சிருந்தேன். பிரேக் புடிக்கல. உங்க பக்கத்துக்கு நான்தாம்மா வந்தேன். நீங்க உங்க பக்கத்துலதான் இருந்தீங்க."

மாலதியின் அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார். மாலதியின் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அப்படின்னாலும், நான் மெதுவா வந்திருந்தா அவர் பொழச்சிருப்பாரா சார்?"

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவள் ஐம்பதில் வந்ததும் உண்மை, நான் அவள் பாதையில் போய் விழுந்ததும் உண்மை. ஒருவேளை இன்னும் மெதுவாக வந்திருந்தால் அவன் தூக்கி எறியப்படாமல் ஜீப்புக்குள்ளேயே கிடந்திருப்பான். ஆனால் அவள் நின்றுகொண்டே இருந்திருந்தாலும் நான் மோதியிருப்பேன். இதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

லூர்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னான். கியர்ல போடச் சொன்னான். நான் சிரிச்சேன்."

அவள் எழுந்து, கஞ்சி டம்ளரைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். பிறகு வெளியே போனாள். அன்றும் மறுநாளும் அவள் வார்டுக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரியை விட்டும் போகவில்லை. கூட இருப்பவர்கள் சமைத்துக்கொள்ளும் கொட்டகையிலும் வராந்தா பெஞ்சிலுமாக இருந்தாள் என்று சிஸ்டர் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் சிஸ்டர் கையில் வந்தது. உப்பு சரியாக இருந்தது. என் நாக்குக்கு அரை உப்பு போதும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஏட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், மாத்திச் சொன்னா கேஸ் உங்க மேல திரும்பும். தெரியும்ல? லைசன்ஸ் போகும். ஸ்கூல் என்ன பண்ணுமோ. வலி மாத்திரை மயக்கத்துல பேசுறீங்களோ?"

"மயக்கத்துல சொன்னது அன்னிக்குத்தான்."

"அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க என்ன சார்..." பெருமூச்சு விட்டு அட்டையை எடுத்தார். புது வாக்குமூலம் எழுதினார். அதே வரிதான், அதே 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.' பெயர் மட்டும் என்னுடையது. இந்த முறை வலது கையால் கையெழுத்துப் போட்டேன்.

குழாயை எடுத்தார்கள். மூச்சை இழுத்து அடக்கச் சொல்லி ஒரே இழுப்பு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி, பிறகு வார்டு வாசல் வரை. மூன்றாவது பந்தும் ஏறியது. சிஸ்டர், "போதும் சார், பந்து பறந்துரும்" என்றார். இருபத்து மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். பள்ளி எனக்குக் கட்டாய விடுப்பு கொடுத்திருக்கிறது. வழக்கு நடக்கிறது. எத்தனை மாதம், என்ன தண்டனை என்று தெரியாது. அதைப் பற்றிப் பயம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

வீட்டில் லூர்து எல்லாம் செய்தாள். வெந்நீர் வைத்தாள், காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பிடித்துக்கொண்டாள், மாத்திரையை எண்ணி வைத்தாள். பேச்சு மட்டும் தேவைக்கு. நான் மன்னிப்புக் கேட்டபோது, "காலத் தூக்குங்க" என்றாள்.

ஆறு வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம், வெளியே மேகம் இறங்கி எதிர்வீட்டை மறைத்திருந்தது. அவள் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னான்?"

"சொன்னேனே, கியர்ல போடச் சொல்லி..."

"அது இல்ல. அவன் சொன்னத அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

என்னிடம்தான் அது இருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. செகண்ட் கியர் என்றே நான் நின்றிருந்தால், அது என்னோடேயே செத்திருக்கும்.

"'மச்சான், கருகுற வாடை வருது. கியர்ல போடுங்க'ன்னான்."

லூர்து பீன்ஸைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுக்குப் பயம் வந்தா மச்சான்னு சொல்ல மாட்டானே."

உண்மைதான். பயமோ கோபமோ வந்தால் அவன் வாயில் உறவு நிற்காது. அவளுக்கு வலிக்கக் கூடாதென்று நான் அதை மெழுகி வைத்திருந்தேன். அல்லது எனக்கு.

"'யோவ் வாத்தியாரே'ன்னான்," என்றேன். "'யோவ் வாத்தியாரே, கேரட்டு வேகுற வாடை வருதுய்யா. ஒட்டன்சத்திரம் போறதுக்குள்ள பொரியலா ஆயிரும். வெரசா கியரப் போடுய்யா.'"

அவள் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு. அவள் வளர்த்த தம்பியல்லவா, அவள் குரலில் பேசக் கற்றவன். சிரிப்பு அப்படியே முகம் முழுக்கப் பரவி, பாதியில் உடைந்து, அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் எழ முடியாமல் நாற்காலியிலேயே இருந்தேன்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க அதுக்குத்தான் சிரிச்சீங்களா?"

"ஆமா."

"நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்," என்றாள். பிறகு, "ஆனா கியரப் போட்டிருப்பேன்."